தண்ணீரே கம்பியாகும் கருவி

ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மின்சாரமும் தண்ணீரும் சேரக் கூடாது என்பது சின்ன வயதிலேயே மனதில் ஊறிப்போன பாடம். பாடம் சரியானதுதான். ஆனாலும், தண்ணீருக்குள் இரண்டு மின்முனைகளை இறக்கி, 230 வோல்ட்டை நேராக அவற்றுக்குக் கொடுத்து ஆவி எடுக்கும் கருவி ஒன்று நம்மில் பலர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சளி பிடித்தால் ஆவி பிடிக்க மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிறோமே, அந்த பிளாஸ்டிக் வேப்பரைசர். விலை குறைந்த மாடல்களில் பல இந்த வகைதான். கொரோனா காலத்தில் அதை வாங்கி வைக்காத வீடு குறைவு.

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் மின் பிரிவில் நான் வேலை பார்த்தபோது, எங்கள் நூல் பரிசோதனைக் கூடத்தின் சுவரிலும் இதற்குப் பெரியண்ணன் ஒன்று மாட்டியிருந்தது. ஸ்டீம் ஹியூமிடிபையர் என்போம். பார்க்க வருகிற பொறியியல் மாணவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "சார், உள்ளே ஹீட்டர் எங்கே?" ஹீட்டரே கிடையாது, தண்ணீர்தான் ஹீட்டர் என்றால் நம்பமாட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன கதையைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கதை 1800-ல் தொடங்குகிறது. இத்தாலியில் வோல்ட்டா, இருவகை உலோகத் தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, நடுவே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து முதல் மின்கல அடுக்கைச் செய்தார். மார்ச் 20 அன்று அதை விவரித்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். கடிதம் அச்சாகும் முன்பே செய்தி கசிந்து, வில்லியம் நிக்கல்சன் என்பவரும் அந்தோணி கார்லைல் என்ற அறுவை மருத்துவரும் லண்டனில் ஓர் அடுக்கைத் தாங்களே செய்துவிட்டார்கள். மே மாதத் தொடக்கத்தில், கம்பி மேல்தட்டில் நன்றாகத் தொடட்டும் என்று ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்கள். அதில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. பிறகு இரண்டு கம்பிகளையும் தண்ணீருக்குள்ளேயே விட்டுப் பார்த்தார்கள். ஒரு முனையில் ஹைட்ரஜன், மறுமுனையில் ஆக்சிஜன். தண்ணீர் உடைந்துவிட்டது.

மின்சாரம் தண்ணீர் வழியாகப் போகும், போகும்போது தண்ணீரைப் பிரிக்கும் என்று அன்று தெரிந்தது. ஆவி எடுக்க நினைப்பவனுக்கு இந்த இரண்டாவது செய்தி நல்ல செய்தி இல்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து ஒரே பெட்டியில் சேர்ந்தால், ஒரு பொறி போதும், வெடிக்கும்.

அடுத்த படி 1840-ல். இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் மதுவடி ஆலை நடத்திய குடும்பத்தின் பிள்ளை ஜேம்ஸ் ஜூல், ஜாடித் தண்ணீரில் கம்பிச் சுருளை வைத்து மின்சாரம் செலுத்தி, வெப்பமானியைப் பார்த்துக் கணக்கெடுத்தார். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகிறது. தடை கூடினால் அதே அளவுக்கு வெப்பமும் கூடுகிறது. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியும் பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடும் இந்த விதியின் பேரப் பிள்ளைகள். ராடில் சூடாவது உள்ளே ஒளிந்திருக்கும் கம்பி. அதற்கும் வெளி உலோகக் குழாய்க்கும் நடுவே மின்சாரம் கடக்காத தூள் அடைத்திருக்கும். தண்ணீருக்குச் சூடு மட்டும் போக வேண்டும், மின்சாரம் போகக் கூடாது என்பது அதன் திட்டம்.

தண்ணீரையே கம்பியாக வைத்தால் என்ன? அதற்கு முதலில் அந்தக் குமிழிப் பிரச்சினை தீர வேண்டும். வழி, வேறொரு வேலையாக இருந்தவரிடமிருந்து கிடைத்தது. ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் கோல்ராவுஷ் உப்புக் கரைசல்கள் எவ்வளவு மின்சாரம் கடத்துகின்றன என்று அளக்க முயன்றார். நேர்மின்சாரம் கொடுத்தால் முனைகளில் வாயு படிந்து அளவே கெட்டுப்போனது. 1860-களின் கடைசியில் அவர் மாறுமின்சாரத்துக்கு மாறினார். திசை நொடிக்குப் பலமுறை புரளும்போது, ஒரு பாதியில் நடக்கத் தொடங்கும் வேதிமாற்றம் பெரும்பாலும் அடுத்த பாதியில் திரும்பிவிடுகிறது. வாயு சேர நேரமில்லை. இன்று நம் சுவரில் வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுவது. மின்முனை வைத்த ஆவிக் கருவிகள் அதில்தான் ஓட வேண்டும். நேர்மின்சாரம் கொடுக்கவே கூடாது என்பதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

கோல்ராவுஷ் இன்னொன்றும் காட்டினார். 1894-ல் அவரும் ஹைட்வைலரும் தண்ணீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்து, அதுவரை யாரும் எட்டாத தூய்மைக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தண்ணீர் கிட்டத்தட்ட மின்சாரமே கடத்தவில்லை. அதாவது மின்சாரம் எடுத்துப் போவது தண்ணீரில் கரைந்த உப்பு. நம் குழாய்த் தண்ணீர் அந்தத் தூய நீரைவிடப் பல ஆயிரம் மடங்கு நன்றாகக் கடத்தும். ஆகவே உப்பு கூடினால் கருவி வேகமாகும், குறைந்தால் சோம்பும், அறவே இல்லாவிட்டால் ஓடாது.

பெரிய அளவில் இதைப் பயன்படுத்தியவர்கள் அருவி மின்சாரம் மிகுந்த நாட்டுக்காரர்கள். சுவிட்சர்லாந்து, நார்வே, கனடா போன்ற இடங்களில் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும். வாங்க ஆளில்லாத நேரத்து மின்சாரம் வீணாகும். நிலக்கரியோ வெளியிலிருந்து வர வேண்டும். எனவே பெரிய இரும்புக் கொப்பரைகளில் மின்முனைகளை இறக்கி, உபரி மின்சாரத்தில் ஆவி எடுத்தார்கள். 1920-களில் கனடாவின் காகித ஆலைகளில் இது நன்றாகவே வேரூன்றியது.

அதே காலத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஹாங்ஸ்கிராஃப்ட் என்ற நிறுவனம் இதைச் சமையலறைக்குக் கொண்டு வந்தது. முட்டை வேக வைக்கும் சின்னப் பீங்கான் கருவி. அடியில் ஒரு குழி, அதில் இரண்டு மின்முனை. அளந்து சில ஸ்பூன் தண்ணீர் ஊற்ற வேண்டும். கெட்டியாக வேக வேண்டுமென்றால் கொஞ்சம் அதிகம், இளசாக வேண்டுமென்றால் குறைவு. தண்ணீர் கொதித்து ஆவியாகித் தீர்ந்ததும் மின்பாதை அறுந்துபோகும். டைமர் வேண்டாம், தெர்மோஸ்டாட் வேண்டாம். தண்ணீரே கம்பி, தண்ணீரே கடிகாரம், தண்ணீரே சுவிட்ச். நான் இந்த விவரத்தை முதலில் படித்தபோது எழுந்து கை தட்டத் தோன்றியது. நம்ம ஊர் ஹீட்டர் ராடைக் காலி பக்கெட்டில் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அழகு புரியும்.

அதே நிறுவனம் குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் அறையில் ஆவி நிரப்பும் வேப்பரைசரையும் விற்றது. ஒரு கண்ணாடி ஜாடி, மேலே பிளாஸ்டிக் மூடி, மூடியிலிருந்து ஜாடிக்குள் இறங்கும் குழல், குழலுக்குள் மின்முனைகள். இரவெல்லாம் ஓடும், தண்ணீர் தீர்ந்தால் தானாக நிற்கும். கூட வந்த கையேடு, இது பாதுகாப்பானது, எளிதில் கவிழாதது என்ற பொருளில் தாய்மார்களுக்கு உறுதி கொடுத்தது.

1960 நவம்பரில் மினசோட்டா மாநிலத்தில் ஒரு வீட்டில், மூன்று வயதுச் சிறுமியின் அறையில் அது ஓடிக்கொண்டிருந்தது. இரவில் எழுந்த குழந்தையின் மேல் ஜாடி கவிழ்ந்தது. மூடி திருகிப் பூட்டுவது அல்ல. சும்மா மேலே உட்கார்ந்திருப்பது. அது கழன்று வெந்நீர் அத்தனையும் குழந்தையின் மேல் கொட்டியது. உடம்பில் 30 சதவீதத்துக்கு மேல் வெந்துபோனது. குழலுக்குள் மட்டுமல்ல, ஜாடி முழுவதும் தண்ணீர் கொதிக்கிற சூட்டை நெருங்கும் என்பது தாய்க்குத் தெரிந்திருக்கவில்லை. கையேட்டிலும் அந்த எச்சரிக்கை இல்லை.

வழக்கு நடந்தது. நடுவர் குழு 1,50,000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. விசாரணை நீதிபதி அதைத் தள்ளினார். 1967-ல் மினசோட்டா உச்ச நீதிமன்றம் நடுவர் குழுவின் முடிவே செல்லும் என்றது. குறையுள்ள பொருளைச் செய்து விற்றவன், அவனது அலட்சியத்தைத் தனியாக நிரூபிக்காவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும் என்ற கொள்கையை அந்த மாநிலம் இந்தத் தீர்ப்பில்தான் ஏற்றுக்கொண்டது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் வழக்கு இது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கருவி சொன்னபடிதான் வேலை செய்தது. தண்ணீர் தீர்ந்தால் நிற்கும் என்றார்கள், நிற்கும். ஆனால் தானாக நிற்பது என்பது ஓர் ஆபத்துக்கு மட்டுமே மருந்து. தண்ணீர் இருக்கும் வரை அது கொதிக்கிறது, அதில் மின்சாரம் இருக்கிறது. தீர்ந்த பிறகு வரும் தீ விபத்தைத் தடுத்தவர்கள், தீருவதற்கு முந்தைய பல மணி நேரத்தை யோசிக்கவில்லை.

எங்கள் ஆலைச் சுவரில் இருந்த கருவியை இந்தக் கண்ணோடு பார்த்தால், அதன் ஒவ்வொரு உறுப்பும் அந்தப் பல மணி நேரத்துக்காக வைத்தது என்று புரியும்.

முதலில், ஆலைக்கு அது எதற்கு? பஞ்சு காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும் பொருள். 100 கிலோ உலர்ந்த பஞ்சுக்கு எட்டரைக் கிலோ ஈரம் என்பது வணிகத்தில் ஒப்புக்கொண்ட கணக்கு. ஈரம் மாறினால் நூலின் எடையும் மாறும், பலமும் மாறும். ஒரே நூலைக் காலையில் சோதித்தால் ஒரு கணக்கு, சித்திரை மாத மதியத்தில் சோதித்தால் வேறொரு கணக்கு. அதனால்தான் பரிசோதனைக் கூடத்தில் ஈரப்பதம் 65 சதவீதத்தில், இரண்டு புள்ளிக்கு மேல் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. ஸ்பின்னிங் கூடங்களுக்குத் தண்ணீர் தூவும் பெரிய பிளான்ட் உண்டு. ஏசி போட்ட சின்னக் கூடத்துக்குச் சுத்தமான ஆவி தரும் இந்தப் பெட்டி வசதி.

உள்ளே பால் கேன் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் உருளை. அதற்குள் மூன்று பேஸுக்கும் மின்முனைகள். ஈரம் வேண்டும் என்று சென்சார் கேட்டதும் காண்டாக்டர் மூடும், தண்ணீர் அடியிலிருந்து ஏறும். முனைகள் எவ்வளவு ஆழம் நனைகின்றனவோ அவ்வளவு மின்னோட்டம், அவ்வளவு ஆவி. ஆவி கூட வேண்டுமா, தண்ணீரை உயர்த்து. குறைய வேண்டுமா, தாழ விடு. ஒரு கிலோ தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைத்து முழுதும் ஆவியாக்க முக்கால் யூனிட் மின்சாரம் போல ஆகும். மணிக்கு 10 கிலோ ஆவி என்றால் ஏழரை கிலோவாட். மூன்று பேஸில் பேஸுக்குப் பத்து ஆம்பியருக்குச் சற்று மேல்.

ஆவி மேலே போகும். உப்பு கீழே தங்கும். நேரம் ஆக ஆகத் தண்ணீர் உப்பாகி, கடத்துதிறன் கூடி, மின்னோட்டம் ஏறப் பார்க்கும். உப்பு மிகுந்தால் நுரையும் பொங்கும். ஆகவே அவ்வப்போது கொஞ்சம் பழைய தண்ணீரை வெளியேற்றிப் புதிதாக நிரப்பிக்கொள்ளும். சிறுவாணித் தண்ணீர் விட்டால் உப்பு குறைவு என்பதால் புது உருளை முழு வேகம் எடுக்க நேரம் பிடிக்கும். போர் தண்ணீர் விட்டால் வேகம் உடனே வரும், முனைகளில் சுண்ணாம்பும் உடனே படியும். ஆர்.ஓ. தண்ணீர் நல்லது என்று நினைத்து அதை இணைத்தால் பெட்டி சும்மா நிற்கும். கோல்ராவுஷ் அன்றே காட்டிவிட்ட விஷயம்.

இனி பாதுகாப்பு. உருளைக்குள் இருக்கும் தண்ணீர் முழுவதும் மின்சாரம் பாய்வது. அது வெளியே வர எத்தனை பாதை என்று எண்ணினால் போதும்.

உருளையின் சுவர் ஒன்று, அது பிளாஸ்டிக். தண்ணீர் வரும் பாதை இரண்டாவது. குழாய் நேராக உருளையில் சேராது. மேலே ஒரு கிண்ணம் இருக்கும். குழாயிலிருந்து தண்ணீர் காற்று இடைவெளி தாண்டி அதில் விழுந்து, பிறகு உருளைக்கு இறங்கும். மின்சாரம் அந்த இடைவெளியில் தண்ணீர்க் குழாய்க்கு ஏறாது. அழுக்குத் தண்ணீரும் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாது. ஆவி போகும் குழாய் மூன்றாவது. ஆவி மின்சாரம் கடத்தாது, ஆனால் நுரை கடத்தும். அதனால் உருளையின் உச்சியில் ஒரு சென்சார். நுரை அங்கே தொட்டால் தண்ணீர் வருவது நிற்கும். நான்காவது, தண்ணீரை வெளியேற்றும் பாதை. அந்த நேரத்தில் உருளைத் தண்ணீரும் சாக்கடைக் குழாயும் ஒரே நீர்த்தாரையில் தொட்டுக்கொள்கின்றன. பல மாடல்களில் அந்தச் சில நொடிகள் காண்டாக்டர் திறந்து மின்சாரம் நிற்கும். இத்தனைக்கும் பிறகு மிஞ்சிக் கசியும் மின்சாரத்துக்குத்தான் எர்த். வெளி உலோகப் பெட்டி, ஆவி போய்ச் சேரும் டக்ட், பக்கத்து உலோகக் குழாய் எல்லாம் கெட்டியாக எர்த்தில் இணைந்திருக்க வேண்டும்.

நாலாவது பாதை பற்றி ஓர் அனுபவம். வேறொரு கட்டடத்தில் இதே போன்ற ஒரு பெட்டியின் லைனில் கசிவு பிரேக்கர் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று எங்களைக் கூப்பிட்டார்கள். நானும் எங்கள் பழைய ஃபிட்டர் ஒருவரும் போனோம். அதற்குள் ஒப்பந்தக்காரர் அனுப்பிய பையன் பிரேக்கரைக் கழற்றி நேராக இணைத்துவிட்டு, "இப்ப டிரிப்பே ஆகலைங்க" என்றான். ஃபிட்டர் மெயினை அணைத்துவிட்டு, "ஏந்தம்பி, காவக்காரன் கத்துறான்னு அவனையே வேலைய விட்டு நிறுத்திப் போட்டியா?" என்று கேட்டுக்கொண்டே காண்டாக்டரைத் திறந்தார். ஒரு பேஸின் முனை தீய்ந்து ஒட்டிக் கிடந்தது. கருவி "திற" என்று சொன்னாலும் அந்த ஒரு பேஸ் திறக்கவில்லை. ஒவ்வொரு முறை தண்ணீர் வெளியேறும்போதும் மின்சாரமும் சேர்ந்து சாக்கடைக்குப் போயிருக்கிறது. பிரேக்கர் தவறாமல் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வடிகால் குழாயைத் தினமும் கையால் தொட்டுத் துடைக்கும் அம்மா ஒருவர் அங்கே நின்று நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எவ்வளவு மின்சாரம் ஆளைக் கொல்லும் என்பதற்கும் வரலாறு உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்தவர்களின் கையில் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பிடித்த கம்பியை எந்த அளவில் விட முடியாமல் போகிறது என்று சோதித்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு பத்தரை. பத்து ஆம்பியர் ஓடும் பெட்டியிலிருந்து அதில் அறுநூறில் ஒரு பங்கு வழி தவறினாலே கை ஒட்டிக்கொள்ளும். சாதாரண ஃபியூஸுக்கு அது கண்ணிலேயே படாது. கசிவைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் கருவியை அமெரிக்காவில் டால்சியல் 1961-ல் உருவாக்கினார். ஐரோப்பாவில் வேறு சிலரும் அதே காலத்தில் அந்த வேலையில் இருந்தார்கள். இன்று நம் வீட்டு மெயின் போர்டில் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் அந்த வழியில் வந்தது. மின்முனைக் கருவிகளில் இயல்பாகவே கொஞ்சம் கசிவு உண்டு. எந்த அளவு பிரேக்கர் என்று தயாரிப்பாளர் கையேடு சொல்வதைப் பார்த்துப் போட வேண்டும். அது டிரிப் ஆனால் காரணம் தேட வேண்டும்.

ஆலையில் பூட்டிய பெட்டி, எர்த், பிரேக்கர், காண்டாக்டர், பார்த்துக்கொள்ள ஃபிட்டர் எல்லாம் உண்டு. வீட்டு வேப்பரைசரில் என்ன உண்டு என்று ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பின் பிளக், எர்த் கிடையாது. மூடி சும்மா உட்கார்ந்திருக்கும். ஆவி சரியாக வரவில்லை என்றால் ஒரு சிட்டிகை உப்பு போடு என்று அட்டையில் எழுதியிருந்தால், அல்லது உப்பு போட்டதும் வேகம் எடுத்தால், அது மின்முனை வகை. உள்ளிருக்கும் தண்ணீரில் மின்சாரம் இருக்கிறது. இனி அதில் உப்பை அள்ளிப் போடாதீர்கள். மூடியைத் திறக்கும் முன், தண்ணீர் சேர்க்கும் முன், விரல் வைத்துச் சூடு பார்க்கும் முன், சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்குங்கள். கட்டில் மேல், மடி மேல், போர்வைக்குள் வைக்காதீர்கள். தரையில் அசையாத இடத்தில் வைத்து, ஒயர் நடைபாதையில் கிடக்காமல் பாருங்கள்.

பேரன் பேத்திக்கு ஆவி பிடிக்க வேண்டுமென்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். அவர் சரி என்றால், ஒரு பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு எழுந்திருக்கட்டும். இரவு முழுக்க ஓட விட்டுத் தூங்கப் போக வேண்டாம். தண்ணீர் தீர்ந்தால் தானாக நின்றுவிடும் என்று கடைக்காரர் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். 1960-ல் அந்த மினசோட்டா தாயிடமும் அதைத்தான் சொன்னார்கள்.